நேர்மையான கம்பெனி

அத அமுக்காதீங்க. உங்களத்தானுங்க. போன்ல இப்பக் குதிச்சு வந்துச்சு பாருங்க ஒரு விளம்பரம், ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டு ரூவா நோட்ட அள்ளி வீசறாப்பல. அது மேல விரலு பட்டுப்போச்சுன்னா அப்பறம் அவன் உங்கள உடமாட்டான். நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலீங்க. பக்கத்துச் சீட்டுல உக்காந்தா கண்ணுல படத்தானே செய்யும். கிரிக்கெட்டுத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க? பாருங்க, பாருங்க. விளம்பரத்தத்தான் தொடாதீங்கன்னேன்.

சேலம் போறீங்களா, இல்ல நடுவுல எறங்கறீங்களா? டிக்கெட் எடுத்தாச்சுங்களா? சும்மா கேட்டனுங்க, பழக்க தோசம். போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் நானு. குப்பண்ணன்னு பேரு. ஈரோடு டிப்போவுல கேட்டுப் பாருங்க, எம்பேரச் சொன்னா கண்டக்டருங்க இன்னிக்கும் பைய ஒருக்கா தொட்டுப் பாத்துக்குவாங்க. வண்டில ஏறுனதும் எவன் டிக்கெட் எடுக்கலைன்னு மொகத்தப் பாத்தே சொல்லிப்போடுவேன். தூங்கறாப்பல நடிக்கறவனுக்கு எமைக்குள்ள முழி உருளும். நெசமாத் தூங்கறவன் வாயத் தொறந்து வெச்சிருப்பான். கண்டக்டருங்கள்ல பாத்தீங்கன்னா, சிரிச்சுப் பேசறவன நம்பவே கூடாது. கறாரா, எரிஞ்சு உழுகறவனா, சில்லறைக்குச் சண்டை போடறவனா ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவன்தான் யோக்கியன். என்ற சர்வீஸ்ல இந்தக் கணக்கு ஒருக்காலும் தப்புனதில்ல.

அதே கணக்குலதான் இந்தப் பந்தயக் கம்பெனிகளையும் அலசிப்போட்டேன். ஏன், நம்ப முடியலீங்களா? இந்த மூஞ்சியப் பாத்தா பந்தயம் கட்டறவனாட்டம் இல்லைங்கறீங்க. நான் ஒரு சீட்டு வெளையாடுனவன் இல்லீங்க. ஆனா இதுல எனக்குத் தெரியாத கம்பெனி கெடையாது. அதுவும் கிரிக்கெட்டுக்கு இல்ல. வில்லுக்கு. அம்பு உடறாங்கல்ல, அதுக்கு. நம்ம ஊருல இதெல்லாம் கூடாதுன்னு சட்டமிருக்குது, தெரியும். கூடாதுங்கறவன் எதுக்குக் கூடாதுங்கறான்னு நான் கேக்கறேன். செரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

எனக்கு ஒத்தைப் பொண்ணுங்க. கோகிலவாணி. பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டரு ஒரு மூங்கில் வில்லக் கையில குடுத்தாரு, அதுல ஆரம்பிச்சது. அப்பறம் பெருந்துறைல ஜெரால்டு மாஸ்டர்னு ஒரு கோச்சு, அவரு கெரவுண்டுக்குக் காத்தாலயும் சாயங்காலமும் கொண்டுபோயி உடுவேன். நீங்க வில்லு அடிக்கறத நேர்ல பாத்திருக்கீங்களா? எங்க வாணி நாண இழுத்து கன்னத்துல வெச்சு நிக்கறப்ப நமக்கு மூச்சு விடவே பயமா இருக்கும். அது பாட்டுக்கு நிக்கும். மொகத்துல ஒண்ணுமே இருக்காது. அம்பு போனதுக்கப்பறம்தான் லேசா ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நான் ரிட்டயர்டு ஆன காசெல்லாம் வில்லா வாங்கிக் குடுத்தனுங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல.

மாவட்டத்துல ஜெயிச்சுது. மாநிலத்துல ஜெயிச்சுது. அதுக்கப்பறம்தான் ஊரு பேச ஆரம்பிச்சுது. 'குப்பண்ணா, உம்பொண்ணு தங்கத்தோடதான் திரும்பும்'ங்கறான் ஒருத்தன். 'இந்தியாவுக்கே ஆடும்'ங்கறான் ஒருத்தன். சொல்றவனெல்லாம் பல்லக் காட்டித்தான் சொல்றான். ஆனா பொறாமை இல்லாம எவன் பல்லக் காட்டறான்? அதுலயும் சென்னியப்பன்னு ஒருத்தரு, அரிசி மில்லுக்காரரு. அவரு பொண்ணும் அதே கெரவுண்டுல அடிக்குது. அவரு வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'உங்க வாணி மாதிரி ஒரு கையி இந்த ஜில்லாவுலயே இல்லீங்க'ன்னாரு. சொந்தப் பொண்ண வெச்சுக்கிட்டு ஒருத்தன் எதுக்குங்க அடுத்தவன் பொண்ணப் புகழோணும்? அந்த வாரமே வாணிக்குத் தோளு புடிச்சுக்கிச்சு. கண்ணுதான். வேற என்ன?

என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி உப்பு மொளகா சுத்தித்தான் போட்டா. அதுவெல்லாம் சின்னக் கண்ணுக்குச் செரி. ஊரு மொத்தமும் பாக்கறப்ப பத்துங்களா?

என்ற பேரே பாருங்க, குப்பண்ணன். எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் தங்கல. நான் பொறந்ததும் எங்கம்மா என்னக் கொண்டுபோயி குப்பைமேட்டுல கெடத்திப்போட்டாங்களாம். பக்கத்து ஊட்டம்மா எடுத்துக்கிச்சாம். அதுங்கிட்ட ஒரு மொறம் தவுடு குடுத்து என்னத் திருப்பி வாங்குனாங்களாம். இது வேண்டாத புள்ள, குப்பையில கெடந்தது, தவுட்டுக்கு வாங்குனதுன்னு ஆக்கிப்போட்டாங்க. பெத்தவளுக்கே வேண்டாதத எவன் கண்ணு வெப்பான்? எமன் கூட எட்டிப் பாக்கமாட்டான். பாருங்க, கல்லாட்டம் உக்காந்திருக்கேன்.

அதத்தான் ரோசன பண்ணுனேன். இப்ப வாணிய எந்தக் குப்பைமேட்டுல கெடத்தறது? அது வெளிநாட்டுப் போட்டிக்குச் செலக்ட் ஆயிருச்சு. பாங்காக்குல. ஆசியா முச்சூடும் இருந்து வர்றாங்க. அப்பத்தான் போன்ல எதையோ பாக்கறப்ப, இந்த மாதிரி போட்டிக்குக் கூட எவனெவனோ காசு கட்டறான்னு தெரிஞ்சுது. பளிச்சுனு ஒண்ணு தோணுச்சுங்க. நான் வாணிக்கு எதிரா கட்டுனா? எதுத்து ஆடறவ ஜெயிப்பான்னு பெத்த அப்பனே காசு கட்டுனா? அப்பனே நம்பாத புள்ளைய ஊருக்கண்ணு என்ன பண்ணும்? தவுட்டுக்கு வாங்குனதும் இதுவும் ஒண்ணுதானுங்க. கட்டுன காசு போச்சுன்னா எம்புள்ள ஜெயிச்சுதுன்னு அர்த்தம். பந்தயத்துல காசு போகோணும்னு சாமி கும்புட்டவன் இந்த ஒலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கறது எனக்கு மொகம் திருப்பாமயே தெரியும்.

ஆனா ஒண்ணு. கம்பெனி நெசமான கம்பெனியா இருக்கோணும். கள்ளக் கம்பெனில கட்டுனா அது கட்டுனதாவே ஆகாது. உண்டியல்ல செல்லாத காசப் போட்டாப்பல ஆயிரும். அதனாலதான் அந்தப் பாடு பட்டேன்.

பாதிக் கம்பெனிக்கு மேல வில்லே கெடையாதுங்க. கிரிக்கெட்டு, கால்பந்து, கபடி, குதிர, நாயி ஓடறதுக்குக் கூட இருக்குது, அம்பு உடறதுக்கு இல்ல. சிலதுல ஒலிம்பிக்கு வந்தாத்தான் தொறப்பான். சிலதுல அடியில போயித் தேடுனா 'இதர'ன்னு ஒரு மூலையில கெடக்கும். அடுத்தது, சேந்த ஒடனே சும்மா காசு குடுக்கறவன். நீ போடற காசுக்கு மேல நானும் போடறேங்கறான். ஏனுங்க, பெத்த மகன் குடுப்பானா? அத ஒதுக்கிப்போட்டேன். ஒருத்தன் வாட்சப்புல வந்து 'அண்ணா, நம்ம ஊருக்காரங்கதான், நம்பிக் குடுங்க'ன்னான். நம்ம ஊருக்காரன்னு சொன்னதுக்கே அவன பிளாக் பண்ணுனேன். இன்னொன்னுல கொஞ்சமாப் போட்டு ஒடனே திருப்பிக் கேட்டுப் பாத்தேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள திரும்பி வந்துருச்சு. அதென்னங்க அத்தன அவசரம்? பெருசா அமுக்கறவன்தான் சின்னத ஒடனே குடுப்பான். உட்டுட்டேன். இன்னொன்னுல போட்டது வரவே இல்ல. திருடன்னு தெரிஞ்சுபோச்சு, ஒருவகையில நிம்மதி.

அப்பறம் மிச்சமிருந்த எல்லாத்துக்கும் ஒரே கேள்விய எழுதிப் போட்டேன். நான் தமிழ்ல சொன்னா போனே இங்கிலீசுல மாத்திக் குடுக்குது. அம்பு ரெண்டு வட்டத்துக்கு நடுவுல கோட்டு மேல குத்துனா எந்த வட்டத்துக் கணக்குல எடுப்பீங்க? ரெண்டு பேரும் சமமா நின்னு, ஆளுக்கு ஒத்தை அம்பு உட்டு முடிவு பண்ணுனா, அதுல ஜெயிச்சவங்கள ஜெயிச்சதா எடுப்பீங்களா, இல்ல சமம்னு சொல்லிக் காச முழுங்கிப்போடுவீங்களா? மழை வந்து நின்னுபோச்சுன்னா? கோட்டத் தொட்டா பெரிய எண்ணுதான் கணக்கு, வாணிதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. பதிலு எப்பிடி வருதுன்னு பாக்கறதுக்குத்தான் கேட்டது. பல பேரு பதிலே போடல. ஒருத்தன் 'இன்று உங்கள் அதிர்ஷ்ட நாள்'னு போட்டான்.

ஒரே ஒரு கம்பெனி. பேரு வேண்டாம். 'நடுவர் என்ன சொல்றாரோ அதுதான் எங்க முடிவு, ஒத்தை அம்புல ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான், பாதியில நின்னா காசு வாபஸ்'னு நறுக்குன்னு போட்டுச்சு. ஒரு வணக்கம் இல்ல, நன்றி இல்ல. எனக்குப் புடிச்சுப்போச்சு. உள்ள போனா, ஆதாரு கேக்குது. மொகத்த நேராக் காட்டச் சொல்லுது, எடப்பக்கம் திருப்பச் சொல்லுது, வலப்பக்கம் திருப்பச் சொல்லுது. பேங்கு பாஸ்புக்குக் கேக்குது. இந்தக் காசு உனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குது! நான் எத்தன கண்டக்டர அந்தக் கேள்வி கேட்டிருப்பேன். நம்மளயே ஒருத்தன் கேக்கறான்னா அவன் எவ்வளவு யோக்கியனா இருக்கோணும்!

அவன் போட்ட சட்டதிட்டம் அத்தனையும் ஒக்காந்து படிச்சனுங்க. எவனும் படிக்கமாட்டான், நான் படிச்சேன். அதுல ஒண்ணு, போட்டியில ஆடறவங்களோ அவிங்களச் சேந்தவங்களோ அந்த ஆட்டத்துக்குக் காசு கட்டக்கூடாது. சந்தேகம் வந்தா வெளையாட்டுச் சங்கத்துக்கு எல்லா வெவரத்தையும் நாங்களே குடுத்துப்போடுவோம்னு போட்டிருந்தான். சபாஷ்னேன். கம்பெனின்னா இப்பிடி இருக்கோணும்.

என்ன கேக்கறீங்க? அது எனக்கும் பொருந்துமேங்கறீங்களா? அது ஜெயிக்கறதுக்குக் கட்டறவனுக்குங்க. ஆடறவன் உள்ளுக்குள்ள சங்கதி தெரிஞ்சு காசு சம்பாரிக்கக் கூடாதுன்னு போட்டது. நான் காசு போகட்டும்னு கட்டறவன். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

எந்தப் பேருல ஆரம்பிக்கறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. என்ற பாஸ்புக்கு வசந்தாமணி கையில. அவ கண்ணுல பட்டா ஊட்டுல குடியிருக்க முடியாது. அதுவுமில்லாம, நீங்களே சொல்லுங்க, கோயில்ல அர்ச்சனை பண்றோம், யாருக்குப் பண்றோமோ அவிங்க பேரு, நட்சத்திரம்தான சொல்றோம்? பலன் யாருக்குப் போகோணுமோ அவிங்க பேருலதான் செய்யோணும். வாணி பேருலயே ஆரம்பிச்சேன். அதோட ஆதாரு என்ற பெட்டியில. அது சின்னப்புள்ளையா இருக்கறப்ப ஸ்காலர்சிப்புக்கு ஆரம்பிச்ச பேங்கு கணக்கு, கார்டு என்ற சட்டைப் பையில. அதுல இருக்கறது என்ற போன் நெம்பரு. மொகம் ஒண்ணுதான் பாக்கி. 'கண்ணு, இந்தப் பக்கம் திரும்பு சாமி, அந்தப் பக்கம் திரும்பு, பாங்காக்கு ஆஸ்டலுக்குப் போட்டோ கேக்கறாங்க'ன்னேன். திரும்புச்சு. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்பன நம்பற புள்ளைங்க அது.

ஊருக்குப் போறதுக்கு முன்னால ஜெரால்டு மாஸ்டரு பெத்தவங்களையெல்லாம் கூப்புட்டு ஒரு மீட்டிங் போட்டாரு. தண்ணி பாத்துக் குடிக்கோணும், கண்ட மாத்திர திங்கக்கூடாதுன்னு எல்லாம் சொல்லிப்போட்டு, கடைசியா 'உங்க குடும்பத்துல யாரும் இதுல பந்தயம் கட்டிறாதீங்க, புள்ளைங்க வாழ்க்கை போயிரும்'னாரு. சொல்றப்ப என்னத்தான் பாத்தாரு. எதுக்கு என்னப் பாக்கோணும்? எனக்கு அப்பவே புடிச்சுது சந்தேகம். இவருக்கு அந்தப் பழக்கம் இருக்குது, அதனாலதான் அந்த நெனப்பே வருதுன்னு. அன்னைல இருந்து அந்த ஆளு மேல ஒரு கண்ணு வெச்சிருந்தேன்.

போட்டி ஆரம்பிச்சுது. கம்பெனில என்ற பொண்ணு பேரு வந்துச்சு பாருங்க, இங்கிலீசுல. பேருக்குப் பக்கத்துல, ஒரு ரூவா கட்டுனா எத்தன வரும்னு ஒரு எண்ணு. ஊட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. குப்பைமேட்டுல கெடந்தவன் பொண்ணு பேரு ஒலகம் பூராவும் தெரியுது.

மொத ஆட்டத்துல எதுத்து நின்ன பொண்ணு மேல கட்டுனேன். வாணி ஜெயிச்சுது. காசு போச்சு. அடுத்ததுலயும் எதுத்தவ மேல கட்டுனேன். வாணி ஜெயிச்சுது. காசு போச்சு. எனக்குத் துள்ளிக் குதிக்கோணும்னு இருந்துச்சு. சென்னியப்பன் பொண்ணு மொத நாளே தோத்து வெளிய வந்துருச்சு. பாவந்தான். நான் ஒண்ணும் சொல்லல. காலிறுதிலயும் வாணிதான். கட்டக் கட்ட ஜெயிக்குதுங்க! காசு போன எடத்துலயெல்லாம் அது ஊருக்கண்ணுக்குத் தப்பிக்கிச்சு.

அரையிறுதி கொரியாப் பொண்ணோட. நான் கட்டிப்போட்டு உக்காந்திருக்கேன். அப்பப் பாத்து சென்னியப்பன் போன் பண்றாரு. 'குப்பண்ணா, என்ற புள்ளதான் தோத்துருச்சு, வாணி விடாது. கண்டிப்பாத் தங்கம்தான்'னாரு. அந்த நேரத்துல எவனாச்சும் அந்த வார்த்தைய சொல்லுவானா? ரெண்டு பேரும் சமமா வந்து நின்னாங்க. ஆளுக்கு ஒத்தை அம்பு. கொரியாப் பொண்ணோட அம்பு நடுவுல. வாணியோடதும் நடுவுலதான், ஒரு மயிரிழை தள்ளி. தோத்துருச்சு. வில்லக் கீழ எறக்கிப்போட்டு அந்தப் பொண்ணுக்குக் கையக் குடுத்து சிரிச்சுது பாருங்க. நான் அழுதுபோட்டேன்.

அன்னிக்குத்தான் கணக்குல காசு வந்துச்சு. ஜெயிச்ச காசு. அதத் தொடறதுக்கே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. காத்தால மொத சோலியா ஈரோட்டுல ஏடிஎம்ல எடுத்து, சென்னிமலை ஏறி முருகன் உண்டியல்ல போட்டுட்டுத்தான் பச்சைத்தண்ணி குடிச்சேன். ஒத்தை ரூவா எனக்குன்னு வெச்சுக்கல. இத எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்.

மூணாவது எடத்துக்கு அடிச்சு ஜெயிச்சு, வெண்கலத்தோட வாணி வந்துது. மாலை, பட்டாசு, எல்லாம் பண்ணுனாங்க. ரயில்வேல வேலை தர்றதாப் பேச்சு. அப்பறம் கொஞ்ச நாள்ல வில்லுச் சங்கத்துல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. கோகிலவாணி பேருல ஒரு பந்தயக் கணக்கு இருக்குது, அது ஆடுன ஒவ்வொரு ஆட்டத்துலயும் அது தோக்கும்னு அதுவே காசு கட்டியிருக்குது, அரையிறுதியில தோத்து, காசும் வாங்கியிருக்குது. என்ன பதில் சொல்றீங்கன்னு கேட்டு.

எவனோ போட்டுக் குடுத்திருக்கான். யாரு? இதுதான் இத்தன மாசமா என்னத் தூங்க உடாத கேள்வி. சென்னியப்பனா? அவருக்கு எப்பிடித் தெரியும்? ஜெரால்டு மாஸ்டரா? அந்த மீட்டிங்ல பாத்த பார்வை! இல்ல ஏடிஎம்ல எனக்குப் பின்னால ஒருத்தன் நின்னான், அவனா? நோண்டி நோண்டிப் பாக்கறேன், ஆளு சிக்கமாட்டேங்கறான்.

கம்பெனியா? சேச்சே. நீங்க ஏனுங்க அதுக்குள்ள போறீங்க? அந்தக் கம்பெனி மேல எனக்கு அணுவளவும் சந்தேகமில்ல. இந்த விசயத்துல நேர்மையா இருந்தது அது ஒண்ணுதான். கடைசி காசு வரைக்கும் ஒழுங்காக் கணக்குக் குடுத்துச்சே. நான் தேடித் தேடிப் புடிச்ச கம்பெனிங்க அது.

கடுதாசியப் படிச்சுப்போட்டு வாணி அத மடிச்சு வெச்சுது. அப்பறம் 'அப்பா, என்ற ஆதார எதுக்காச்சும் எடுத்தீங்களா?'ன்னுச்சு. 'எதுக்குக் கேக்கற?'ன்னேன். நான் இல்லைன்னு சொல்லல பாருங்க. கேள்விக்குக் கேள்விதான் கேட்டேன். அது அப்பறம் கேக்கல. உள்ள போயி வில்லத் தொடச்சு பெட்டியில வெச்சுது.

சென்னைல ஒரு ஓட்டல்ல ரூம் போட்டு விசாரணை. நானும் கூடப் போனேன். மூணு பேரு உக்காந்திருந்தாங்க. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, வக்கீலாம். தமிழ்லதான் பேசுச்சு, தன்மையாத்தான் பேசுச்சு. தன்மையாப் பேசறவங்க மேலதான் நமக்கு முழுக் கவனம் வேணும். 'இந்தக் கணக்கு நீ ஆரம்பிச்சதாம்மா? வேற யாராச்சும் உம்பேருல செஞ்சிருந்தா சொல்லு. அவிங்க மேல போலீசுல ஒரு கம்ளைண்ட் குடுத்தாப் போதும், உம்மேல ஒண்ணும் இல்ல'ன்னுச்சு. வாணி கீழ குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. 'காச எடுத்தது ஈரோட்டுல. அன்னிக்கு நீ பாங்காக்குல இருந்த. யாரும்மா எடுத்தது?'ன்னுச்சு. வாணி நிமுந்து என்னப் பாத்துச்சு.

நான் அப்ப எந்திரிக்கலாம்னுதானுங்க இருந்தேன். வாயத் தொறந்துட்டேன். ஆனா அந்த அம்மா என்னையே பாக்குது. இவ என்னமோ வலை விரிக்கறாடான்னு தோணுச்சு. மொதல்ல போட்டுக் குடுத்தவன் யாருன்னு தெரியட்டும், அப்பறம் நம்ம சங்கதியச் சொல்லிக்கலாம். செக்கிங்ல நாங்க அப்பிடித்தான், அவன் மொதல்ல பேசட்டும்னு நிப்போம். நின்னேன்.

வாணி சொல்லுச்சு, 'நான்தான் மேடம் செஞ்சேன். காசும் நான்தான் எடுக்கச் சொன்னேன்'னு. யார எடுக்கச் சொன்னன்னு கேட்டாங்க. அத மட்டும் சொல்லமாட்டேன்னுருச்சு.

வில்லத் தொடக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. வருசக்கணக்குல. ரயில்வே வேலையும் இல்லைன்னு ஆயிருச்சு. அந்த கெரவுண்டுப் பக்கம் கூட அது போகக்கூடாதாம்.

வெளிய வந்ததும் அந்தக் கண்ணாடி அம்மா எம்பின்னாலயே வந்துச்சு. 'அடுத்த மாசக் கடைசி வரைக்கும் அப்பீலுக்கு டைம் இருக்குது. செஞ்சவங்க யாராச்சும் வந்து நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா மறுபடியும் விசாரிப்போம். நல்ல புள்ள சார் அது'ன்னுச்சு. எங்கிட்ட எதுக்குங்க அத வந்து சொல்லோணும்? அத்தன பேரு நிக்கறாங்க, எங்கிட்ட மட்டும்? வசந்தாமணியும் அதையேதான் சொல்றா. 'மாசம் முடியப் போகுது, போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க'ன்னு சோத்துத் தட்ட வெக்கறப்பெல்லாம் சொல்றா. ரெண்டு பேரும் ஒண்ணாட்டமே சொல்றாங்கன்னா, முன்னாலயே பேசி வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

நீங்களுமா? நீங்க எதுக்குங்க அதச் சொல்றீங்க? உங்களுக்கு ஜெரால்டு மாஸ்டரத் தெரியுமா? இல்லீங்களா? செரி. நம்பறேன்.

சொல்ல மாட்டேன்னு இல்லீங்க. சொல்லுவேன். எல்லாம் தெளிவாகட்டும்னு பாக்கறேன். எனக்குப் பிடிபடாதது ஒண்ணே ஒண்ணுதான். செய்யாத ஒரு காரியத்த ஒரு புள்ள எதுக்கு நான்தான் செஞ்சேன்னு சொல்லோணும்? சும்மா சொல்லுமா? யாரோ சொல்ல வெச்சிருக்காங்க. அதக் கண்டுபுடிக்கத்தான் வாரம் ஒருக்கா இந்தப் பஸ்ஸுல வாரேன். வாணி இப்ப சேலத்துலதான் இருக்குது, ஒரு துணிக்கடையில பில்லுப் போடற வேலை, ஆஸ்டல்ல தங்கியிருக்குது. நான் எதுத்தாப்பல ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமா நின்னுக்குவேன். யாரு வர்றாங்க, யாருகிட்டப் பேசுதுன்னு பாப்பேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல.

ஆனா அது என்னப் பாத்துப்போடுது. எங்க நின்னாலும் பாத்துப்போடுது, அந்தக் கண்ணு அப்பிடி. மத்தியானம் ரோட்டத் தாண்டி வந்து 'சாப்டீங்களாப்பா?'ங்குது. எதுக்கு வந்தீங்கன்னு கேக்காது. பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சு, அப்பாவுக்குக் காரம் ஆகாதுன்னு சொல்லி ரசமா ஊத்தச் சொல்லி, நான் திங்கறத நின்னு பாக்குது. அந்த வெரலப் பாத்தனுங்க போன வாரம். நாண் இழுத்து இழுத்துக் காச்சுப் போயிருக்குமே, அந்தக் காப்பு உரிஞ்சு சாதாரண வெரலா ஆயிக்கிட்டு இருக்குது. பெசஞ்ச சோத்த அப்பிடியே தட்டுல வெச்சுட்டேன். 'என்னப்பா, உப்பு கம்மியா?'ன்னு கேக்குது.

திட்டிருக்கோணுமல்லங்க? ஒரு வார்த்தை? ஏப்பா இப்பிடிப் பண்ணுனீங்கன்னு கேட்டிருக்கோணுமல்ல? என்ற சர்வீஸ்ல எத்தன மொகத்தப் பாத்திருக்கேன், எவன் மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடுவேன். இது மொகத்துல தேடித் தேடிப் பாக்கறேன், கோவம் துளி இல்ல. இல்லாம எப்பிடி இருக்கும்? எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்குது. எங்கிட்ட இருந்து எதையோ மறைக்குதுங்க அந்தப் புள்ள.

கொண்டலாம்பட்டி வந்துருச்சு பாருங்க, சேலம் வந்தாப்பலதான். எந்திரிக்கறேன், செத்த காலை நகத்துங்க. அது என்னத்த மறைக்குதுன்னு கண்டுபுடிக்காம இன்னிக்கு நான் திரும்பப் பஸ் ஏறமாட்டேன்.